மறுபக்கம் அண்ணாச்சி

கல்யாண வீட்டையே மொத்தமாக அழவைத்துவிட்டு, அடி வாங்காமல், பந்தியில் உட்கார்ந்து பாயசமும் வழித்துக் குடித்துவிட்டு வந்த மனுஷர் தாமிரபரணிக் கரையில் ஒருத்தர்தான். ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெருவில், விசேஷ வீடுகளுக்குக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிற ரேடியோ செட் வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கடைக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘மறுபக்கம் அண்ணாச்சி’.

அப்போது சின்ன இசைத்தட்டுக் காலம். பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஊர் கேட்பது முன்பக்கத்துப் பாட்டை. அண்ணாச்சி அதைப் போடுவார்; முடிந்த கையோடு திருப்பியும் போட்டுவிடுவார். எங்கெங்கோ பழைய தட்டுகளாகத் தேடி வாங்கி வருவார். வீட்டில் போட்டுப் பார்க்கவே மாட்டார். நேரே பந்தல்தான்.

கல்லிடைக்குறிச்சிக் கல்யாணம் ஒன்று. தாலி ஏறியதும் ஒரு துள்ளல் பாட்டு. இளவட்டங்கள் ஆடினார்கள். திருப்பினார். பின்பக்கம், மகளைப் பிரிகிற தாய் பாடுகிற பாட்டு! பெண்ணின் அம்மா விம்மினாள், பெண் அழுதாள், நாதஸ்வரக்காரர் துண்டில் மூக்கைச் சிந்தினார். மாப்பிள்ளையின் மாமா பாய்ந்து வந்தார்.

“வே, இது கல்யாண வீடா, எழவு வீடா?”

“பையப் பேசும்வே. ஒமக்கும்தான் கண்ணு கலங்கிக் கெடக்கு.”

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை குழாய்க்கு அடியிலேயே நின்றார்.

எழவு வீட்டில் நேர் எதிர். சோகப் பாட்டைத் திருப்பினால் கிளப் டான்ஸ். குழாய் கட்டக் கூடப் போயிருந்த நாங்கள் ஓடத் தயாராகிவிட்டோம். புருஷனைப் பறிகொடுத்த பெரியம்மா தலை நிமிர்ந்தாள்.

“அமத்திராதய்யா. அவுக குளிக்கையில இதைத்தான் பாடுவாக.”

ஒருநாள் கேட்டேவிட்டேன். “எதுக்கு அண்ணாச்சி இந்த வம்பு?”

“ஆழ்வார்திருநகரிக்குப் பொண்ணு பாக்கப் போனேம்லா. நாங்க உள்ள நுழையவும் அந்தப் புள்ள தட்டைத் திருப்பிப் போட்டுது. பாதிப் பாட்டுல எங்க மாமா, ‘பஸ் வந்துட்டு, எந்திரிலே’ன்னு இழுத்துட்டுப் போயிட்டாரு. பொறவு சாதகம் சேரலைன்னுட்டாக. மீதிப் பாட்டைத்தான் தேடுதேன்.”

“தட்டுல பேரு போட்டிருக்குமே, பாக்கலையா?”

“நான் தட்டையாவே பாத்தேன்?”

“சரி, வீட்டுல போட்டுத் தேடலாம்லா?”

“தனியா இருக்கையில அது வந்துட்டுன்னா என்னவே செய்ய?”

ரேடியோ செட் காலம் போய், தட்டுகள் பரணுக்கு ஏறிவிட்டன. அண்ணாச்சி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன்.

“அந்தப் பாட்டைக் கொஞ்சம் முனகுங்க அண்ணாச்சி. இந்தப் போனே கண்டுபிடிச்சிரும்.”

“ஏன், ஒம்ம போனும் பொண்ணு பாக்க வந்துச்சோ?”

கேலி செய்துவிட்டுத்தான் முனகினார். கொஞ்ச நேரத்தில் போன் பாட ஆரம்பித்தது. அண்ணாச்சி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசல் பக்கம் பார்த்துச் சிரித்த மாதிரிகூட இருந்தது. பாதி வந்ததும் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

“மீதி அண்ணாச்சி?”

“பஸ் வந்துட்டுவே” என்று எழுந்துவிட்டார்.

பாட்டு என் போனில்தான் இருக்கிறது. பாதிக்கு மேல் நானும் கேட்டதில்லை.