டென்மார்க்குக்குள் நுழையாத எல்க்

"உன் விலாங்குமீனை ஒரு மாட்டுப்பண்ணையும் உள்ள விடலையாம்" என்றான் மேலாளர் ஹெல்மெர். "அதுக்குத்தான் பேருக்குப் பதிலா எண் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

சிக்னே ஏலக்காய் ரொட்டியைக் கடித்தாள்.

ஸ்வீடனின் ஹெஸ்லேஹோல்ம் ஊரில் இருந்த அந்தச் சின்ன நிறுவனம், பால் கறக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதியது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அகரவரிசைப்படி ஒரு விலங்கின் பெயர். பெயர் வைப்பவள் சிக்னே. பண்ணையில் நிற்கும் இயந்திரம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பார்க்கும். தன்னிடம் இருப்பதைவிடப் பிந்திய எழுத்து என்றால் அது புதிய பதிப்பு, வாங்கிக்கொள்ளும். முந்திய எழுத்து என்றால் பழசு, தள்ளிவிடும். அவ்வளவுதான் சூத்திரம். இசட் வரை இடறலே இல்லை.

இசட்டோடு எழுத்துகள் தீர்ந்தன என்று ஹெல்மெர் மகிழ்ந்தபோதுதான் சண்டை ஆரம்பித்தது.

"எங்க தீர்ந்துச்சு? நம்ம ஸ்வீடிஷ்ல இசட்டுக்கு அப்புறம் வர்ற வட்டம் வச்ச ஏ, புள்ளி வச்ச ஏ, புள்ளி வச்ச ஓ, இதெல்லாம் யாரோட எழுத்து? என் குடும்பப் பேரே வட்டம் வச்ச ஏயிலதான் ஆரம்பிக்குது. அதை விட்டுக்கொடுக்க வேற ஆளைப் பாரு!" என்றாள் சிக்னே.

அப்படித்தான் வட்ட ஏயில் தொடங்கும் விலாங்குமீன் புறப்பட்டது. இயந்திரமோ அந்த வட்டத்தைக் கவனிக்காமல், முதல் எழுத்தான வெறும் ஏ என்று நினைத்துத் தள்ளிவிட்டது.

சிக்னே ஒரு வரி விதியை அனுப்பினாள்: 'உன் நாட்டு அகரவரிசைப்படி பார்.' ஒரு மணி நேரத்தில் விலாங்குமீன் ஸ்வீடன் பண்ணைகளிலும், கடல் தாண்டி டென்மார்க் பண்ணைகளிலும் நுழைந்துவிட்டது.

"இன்னொரு தடவை தப்பாச்சுன்னா மிருகமெல்லாம் காட்டுக்குப் போயிரும்" என்றான் ஹெல்மெர்.

"போகாது."

அடுத்து, புள்ளி வைத்த ஏயில் தொடங்கும் எல்க் என்னும் பெரிய மான் போனது. ஸ்வீடன் பண்ணைகள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளத் தொடங்கின. டென்மார்க்கில் ஒரு பண்ணைகூட வாங்கவில்லை. டேனிஷ் அகரவரிசையில் வட்ட ஏதான் கடைசி எழுத்து. அதற்குப் பிறகு எதுவுமே வர முடியாது!

"கடைசி எழுத்தை நடுவுல வச்சது நாமதான்னு அவங்க சொல்லுவாங்க" என்று முனகினாள் சிக்னே.

அவசரமாகப் புள்ளி வைத்த ஓவைப் பிடித்து, பல்லியை அனுப்பினாள். டென்மார்க் அதையும் தள்ளியது. ஸ்வீடனில் பல்லி முந்திக்கொண்டதால், எல்க் இன்னும் போய்ச் சேராத பண்ணைகளில் எல்க் பழசாகிவிட்டது.

டென்மார்க்கிலிருந்து தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. யாரும் எடுக்கத் துணியாமலே, மதியத்துக்குள் நாற்பது பண்ணைகளின் அழைப்பு.

"நாற்பது!" ஹெல்மெர் வெள்ளைப்பலகையில் இருந்த விலங்குப் பட்டியலை அழிக்கப் போனான்.

சிக்னே பலகைக்கு முன்னால் போய் நின்றாள். "தொடாதே. திட்டுறவங்க என்னையே திட்டட்டும். நானே பேசுறேன். ஆனா ஒரு எழுத்தைக்கூட எடுக்க மாட்டேன்."

அடித்த தொலைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். லோலாண்ட் தீவிலிருந்து ப்ரெபென் என்னும் விவசாயி.

"வணக்கங்க. உங்க புதுப் பதிப்பு ரெண்டும் எங்களுக்கு வரல."

"தெரியும். என் தப்புதான். ஆனா மிருகங்களை மாத்த மாட்டேன்" என்றாள் சிக்னே.

ஹெல்மெர் குறுக்கே பாய்ந்தான். "நான் மேலாளர் பேசுறேன். நீங்க கவலையே படாதீங்க! திங்கட்கிழமையிலேருந்து வெறும் எண்தான். ஒரு பதிப்புகூட விடாம வந்து சேரும்!"

மறுமுனையில் ஒரு மாடு மட்டும் கத்தியது.

"ஐயையோ, அதைச் செஞ்சுடாதீங்க!" என்றார் ப்ரெபென். "புதுசு வந்தா எந்திரம் ரெண்டு நாளைக்கு மாட்டுக்கும் கதவுக்கும் வித்தியாசம் தெரியாம முழிக்கும், இப்பதான் எங்களுக்கு நிம்மதியே வந்திருக்கு. மிருகங்களை இப்படியே வச்சிருங்கன்னு கேக்கத்தான் நாங்க நாப்பது பேரும் காலையிலேருந்து கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."