ஒத்தை பெல்ட்டு

விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனி சூப்பர்வைசரு கொளஞ்சிநாதன் ஒருநா சட்டம் போட்டாரு. சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் அவரை வூட்ல யாரும் கூப்பிடக் கூடாது.

யாரும்னா யாரு? வூட்ல இருக்குறதே ரெண்டு பேரு. இன்னொருத்தங்க அவரு சம்சாரம் சிவசங்கரி.

பகலெல்லாம் கம்பெனியில சூளையைப் பாத்துட்டு வர்ற மனுசன், சாயங்காலம் போன்ல கம்பெனி கட்டுவாரு. விளையாட்டுதான். மண்ணு எடுக்கணும், கப்பு செய்யணும், சுடணும், லாரியில ஏத்தணும். மொதல்ல சாமானை நகத்திட்டுப் போற பெல்ட்டு ஒண்ணுதான் இருந்துது. அப்புறம் அப்டேட்டு மேல அப்டேட்டு. தூக்குற கை, பறக்குற டிரோனு, தரம் பிரிக்கிற மெஷினு, அந்த மெஷினைப் பாத்துக்க இன்னொரு மெஷினு. மனுசன் ஒண்ணையும் வுடலை. கல்யாணப் பந்தி மாதிரி ஜேஜேன்னு இருந்துது. இலையிலதான் சோறு வுழலை.

"ஏங்க, மோட்டரு போடுங்க."

"லாரி கெளம்பற நேரம், இரு!"

"எந்த லாரி?"

"போன்ல இருக்குற லாரிம்மா!"

"ஒரு மாசமா கெளம்புது. இன்னும் வாசலைத் தாண்டலை."

சுருக்குன்னுச்சு. அங்கதான் தந்திரம் உதிச்சுது. இவளை ஒருவாட்டி ஆடவுட்டு தெணறடிச்சா, கையெடுத்துக் கும்புட்டு ஒதுங்கிடுவா.

"நீ ஒரு லாரி அனுப்பு பாப்போம். அனுப்பிட்டா, அந்த ரெண்டு மணி நேரமும் நீ சொல்ற வேலை. இல்லைன்னா என்னைக் கூப்பிடவே கூடாது."

"சத்தியமா?"

"நம்மூரு சாமி கொளஞ்சியப்பர் சாட்சி!"

தயாள குணம் பாருங்க, அத்தனை டூலையும் தொறந்தே வச்சுக் குடுத்தாரு.

"இது என்னங்க?"

"டிரோனு. கப்பை வேகமா கொண்டு போவும்."

"எங்க?"

"சூளைக்கு."

"ஈரக் கப்பையா?"

ஒரு மாசமா கொளஞ்சிநாதனோட கப்பெல்லாம் சூளைக்குள்ள டப்பு டப்புன்னு வெடிச்சிட்டு இருந்துது. டிரோனு பத்தலைன்னு நெனச்சிருந்தாரு. பகல்ல எவனாவது ஈரக் கப்பை சூளையில வச்சா, தெருவே கேக்கற மாதிரி திட்டுறவரு!

"காய வைக்க தனி மெஷினு இருக்குது," சமாளிச்சாரு. "அதுக்குக் கரண்டு வேணும். கரண்டுக்கு இன்னொரு மெஷினு. அதுக்கு…"

"வுடுங்க, தலை சுத்துது. அந்த பெல்ட்டு எங்க?"

பெல்ட்டை மட்டும் எடுத்தா. முறுக்கு புழியற மாதிரி சூளையைச் சுத்திச் சுத்தி இழுத்தா.

"ஏய், நேரா போட்டா கிட்டத்துல போயிடுமே!"

"எதுக்குக் கிட்டத்துல? சூளை அனலு சும்மாதானே போவுது. அது மேல பட்டுக்கிட்டே ஊர்ந்து வரட்டும்."

கப்பு ஊர்ந்துது. வர்ற வழியிலயே வெளுத்துக் காஞ்சுது. சூளைக்குள்ள போச்சு. வெடிக்கலை. லாரி ரொம்பி, ஹாரன் அடிச்சிட்டு வாசலைத் தாண்டிச்சு.

கொளஞ்சிநாதனுக்குப் பந்தயமே மறந்துபோச்சு. எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு.

"அட்ரா சக்கை! பெல்ட்டே ரோடு, பெல்ட்டே கெடங்கு, பெல்ட்டே காயப்போடுற களம்! சங்கரி, நூறு டூலு வச்சுக்கிட்டு நான் குட்டையைக் கொழப்பியிருக்கேன். ஒத்தை டூலை நூறு விதமா திருப்பி நீ ஆழம் பாத்துட்ட!"

கத்துன கத்துல பக்கத்து வூட்டு வேம்பு அக்கா வேலியோரம் வந்து எட்டிப் பாத்துச்சு.

மறுநா சாயங்காலம் ஆறு மணி. நாற்காலியில சங்கரி, கையில போனு. ரெண்டாவது லாரி ரொம்பிட்டு இருந்துது. நம்மாளு மோட்டரு போட்டு, டேங்கு ரொப்பி, மாவு அரைச்சு, வெங்காயத்துக்கிட்ட ஒக்காந்திருந்தாரு. கண்ணுல தண்ணி. வெங்காயந்தான்னு வச்சிக்குவோம்.

வேம்பு அக்கா வந்துச்சு. "சங்கரி, பாத்திரம் கழுவ ஒரு மெஷினு, வூடு பெருக்க ஒரு மெஷினு, தள்ளுபடியில போட்டிருக்கான். வாங்குறியா?"

சங்கரி போனை வுட்டு நிமிரவே இல்லை.

"நூறு டூலு எதுக்குக்கா? ஏங்க, வெங்காயம் முடிஞ்சா அப்டியே பாத்திரத்துப் பக்கம் திரும்புங்க."