உப்பில்லாத சட்டிக்குக் காவல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சேற்று நிலத்தில் உப்பளம் போட்டேன். லாரி வாங்கினேன், மாடி வீடு எழுப்பினேன். புயல் வந்து வரப்பைக் கரைத்தபோதெல்லாம் மறுபடி கட்டினேன். மரக்காணத்தில் என்னால் வளைக்க முடியாதது ஒன்றுதான்: வறுவல்காரர்.

மாதா கோயில் திருவிழாவுக்குப் பன்றிக்கறி வறுப்பவர். அவர் சட்டியைத் திறந்தால் ஈ.சி.ஆரில் போகும் பஸ்ஸே நின்று மோப்பம் பிடிக்கும்.

அவருக்குக் கிட்னி பழுதானது, கால் வீங்கியது. உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். இவரோ வீட்டிலிருந்த பாக்கெட் உப்பை வீசிவிட்டு என் பாத்திக்கு வந்து கல்லுப்பை அள்ளினார்.

“டாக்டர் சொன்னது கடை உப்புப்பா. இது நம்ம பாத்தி உப்பு. வெயில்ல வெந்தது, உடம்புல ஒட்டாது!”

உப்பு விற்கிற எனக்கே பாடம்! அதிலேயே கறியை ஊறவைத்து, உப்புக்கண்டம் போட்டுத் தின்றார். கால் தலையணை மாதிரி ஆனது. இப்படியே போனால் டயாலிசிஸ்தான் என்றார் டாக்டர்.

“கறி துன்னாத திருவிழா எனக்கெதுக்கு?” என்று, கறியும் இனி கிடையாது என்று தானே முடிவுகட்டி, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

விடுவேனா? காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி டயட்டீஷியன் அம்மாவிடம் போனேன். “இவரு பன்னிக்கறி துன்னலாமா, கூடாதா? பட்டுனு சொல்லும்மா.”

அந்த அம்மா ரிப்போர்ட்டைப் புரட்டியது. “எப்பவாவது சாப்பிடலாங்க. கொழுப்பில்லாத பிரெஷ் கறி, நல்லா வெந்திருக்கணும். இவர் ரிப்போர்ட்டுக்கு உள்ளங்கை அளவு போதும், மத்தவங்களுக்கு அளவு வேற. அன்னைக்கு முட்டை, பருப்பைக் குறைச்சிடுங்க. உப்புக்கண்டம், சாசேஜ் தொடவே கூடாது. உப்பும் போடாதீங்க. சோடியம் குறைவுன்னு விக்கிற உப்புல பொட்டாசியம் இருக்கு, அதுவும் வேணாம்.”

“யாரு உள்ளங்கைம்மா?” என்ற வறுவல்காரர் என்னைக் காட்டினார். “இவரு கை பெருசு, அதை வச்சுக்கலாமா?”

திருவிழாவன்று ஊருக்குப் பெரிய சட்டி, அவருக்குத் தனியாகச் சின்னச் சட்டி. மிளகு, பூண்டு, பட்டை, அவ்வளவுதான். நான் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். பீடி செருகுவதுபோல் காதில் ஒரு கல்லுப்பை ஒளித்து வந்தார். பிடுங்கினேன். மடியைத் தட்டினேன், இன்னும் நாலு கல் விழுந்தது.

“உப்பளக்காரன் உப்பைப் புடுங்குறான், பாருங்கய்யா!” என்று ஊரைக் கூட்டினார்.

சின்னச் சட்டிக் கறியைத் தட்டில் வைத்ததும் அதை விரலால் ஒதுக்கினார். “நான் வறுத்ததை எல்லாரும் உப்போட துன்றாங்க. நான் மட்டும் தனியா உக்காந்து இதைத் துன்னணுமாப்பா?”

என் தட்டில் நான் இன்னும் கை வைக்காத கறியைப் பெரிய சட்டியிலேயே கொட்டிவிட்டு, சின்னச் சட்டியிலிருந்து போட்டுக்கொண்டேன்.

“எப்படிப்பா இருக்குது?”

“கேவலமா இருக்குது. துன்னு.”

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

அன்றோடு உப்பை விட்டார். இப்போது கால் வீக்கம் வடிந்துவிட்டது, ரிப்போர்ட்டும் மோசமாகாமல் நிற்கிறது. ஊரே டாக்டரைப் புகழ்கிறது, மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. செய்யட்டும். ஆனால் இத்தனை ஏக்கர் உப்புக்குச் சொந்தக்காரன், வருஷா வருஷம் அந்த ஆளோடு உட்கார்ந்து உப்பில்லாத கறி தின்கிறானே, அதையும் யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.