தேடிய இடத்தில் இல்லாதது

படூர்
ஆடி, 2004

அன்புள்ள செங்கல்வராயன் மாமாவுக்குப் பூங்கொடியின் வணக்கம். இங்கே நானும் ஆய்வகமும் நலம். மதுராந்தகத்தில் நீங்களும் அத்தையும் இரண்டு லாரிகளும் நலமென்று நம்புகிறேன்.

கல்யாணத்தில் ஆசை இல்லாமல் இல்லை. சம்பத்தைப் பிடிக்கும். உங்கள் மகன் என்பதற்காக அல்ல, அது வேறு. தாம்பூலம் மாற்றும் முன் நீங்கள், சம்பத் இருவர் ரத்தத்திலும் கொழுப்பைப் பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான். அதற்கு நீங்கள், "இன்னாம்மா இது, பொண்ணு கேட்டு வந்தா ஊசிய எட்துக்கினு நிக்கிற" என்றீர்கள்.

அம்மாவுக்குக் கொழுப்பு முந்நூற்று எண்பது. எனக்கு முந்நூற்றுப் பத்து. நான் ஹாஸ்டல் சாம்பாரில் உயிர் வாழ்கிறவள், அதில் பருப்பே கிடையாது, கொழுப்புக்கு எங்கே போவது. ஆக இது சாப்பிட்டு வந்ததல்ல, பிறப்பில் வந்தது. உங்கள் அப்பா, என் தாத்தா, நாற்பத்திரண்டு வயதில் ஏரிக்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், முனி அடித்தது என்றார்கள், முனி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அம்மாவுக்குக் குதிகால் தசைநாணில் கொழுப்புக் கட்டி. உங்களுக்கு இமையோரத்தில் மஞ்சள் திட்டு, அதுவும் அதே கொழுப்புதான், அதை நம்ம வூட்டு முத்திரை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுகிறீர்கள்.

எங்கள் துறைக்கு வெளிநாட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வந்தது. இந்த நோய்க்கு மரபணுவில் எங்கே பிழை என்று பார்ப்பது. கனடாவில் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு ஒரு பிழை, லெபனான்காரர்களுக்கு ஒன்று, தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களுக்கு வேறு. கப்பலேறிப் போன சில குடும்பங்கள், தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததில் ஒரே பிழை பெருகிவிட்டது. அம்மாவின் ரத்தத்தைப் போட்டேன். 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. அதை உங்களுக்குப் போனில் படித்துக் காட்டினேன். நீங்கள் பாதியிலேயே வைத்துவிட்டு, மறுநாள் கிடா வெட்டி, லாரி ஷெட்டில் பிரியாணி போட்டு, "எங்க ரத்தம் சுத்தம்னு கம்ப்யூட்டரே சொல்லிட்ச்சி" என்று அறிவித்து, ஆவணியில் நாளும் குறித்துவிட்டீர்கள்.

மாமா, தேடிய இடத்தில் இல்லை. அவ்வளவே. டச்சுக்காரன் பிழையை மதுராந்தகத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும். நம் பிழை எது, தெரியாது. நம் குடும்பத்துக்கு ஒன்று, மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் ஒரு குடும்பத்துக்கு இன்னொன்று என்றுகூட இருக்கலாம். பயமாக இருக்கிறது. தெரிந்துகொள்ளவும் ஆசையாக இருக்கிறது.

அந்தப் பிழை என்னிடம் இருக்கிறது. சம்பத்திடமும் இருந்தால், எங்கள் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் வரலாம். அப்படிப் பிறந்த குழந்தைக்குப் பத்து வயதிலேயே நெஞ்சு அடைக்கலாம். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று நாமும் கப்பலேறாமலே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். எனக்குச் சம்மதமில்லை. நிறுத்திவிடுங்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கோபத்திலும் மனதுக்குள் ஒருமுறை என்னை வாழ்த்திவிடுங்கள்.

பூங்கொடி

பி.கு.: மேலே எழுதியது இனிச் செல்லாது. சம்பத் நேற்றே உங்களுக்கும் எனக்கும் தெரியாமல் இங்கே வந்து ரத்தம் கொடுத்திருந்தான். முடிவு இப்போது வந்தது, அதை வாங்க அவனும் வந்தான். கொழுப்பு நூற்று நாற்பது, இருநூறுக்கு உள்ளேதான். "நம்ம வூட்டு சொத்துல எனக்குப் பங்கே இல்லியா" என்றான். அவனிடம் இல்லையென்றால், குழந்தைக்கு என்னிடமிருந்து ஒரு பிழைதான் போக முடியும். ஒன்றுக்கு மாத்திரை உண்டு. ஆகவே எனக்குச் சம்மதம். இன்னும் ரத்தம் பார்க்காத ஆள் நீங்கள் மட்டும்தான். தாம்பூலத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெறும் வயிற்றில், இங்கே வாருங்கள். வராவிட்டால் தட்டைத் தொடமாட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சம்பத்திடமே கொடுத்தனுப்புகிறேன். ஒரு புதுச் சோதனைக் குழாயை எடுத்து உங்கள் பெயரை ஒட்டி வைத்துவிட்டேன்.