என் பேரன் கை நீட்டுகிற இடத்தை வெட்டுவது சம்பந்தமாக

சென்னையில் சினிமா எடிட்டராக இருக்கும் செல்வி பானுப்ரியா அவர்களுக்கு,

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டிலிருந்து, உங்கள் படத்தில் இன்ஸ்பெக்டராக நடித்திருக்கும் பூவரசனுடைய அப்பாயி மாரியாயி எழுதுவது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் முழங்கால் உட்பட சுகமாக இருக்க ரெங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். ஆனால் அந்த அஞ்சையும் ஒழுங்காகப் படித்தவள். பிழை ஏதாவது கண்ணில் பட்டால் அது பேனாவின் கோளாறு.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், "படம் எடுத்து முடிஞ்சிருச்சு அப்பாயி, இனிமே எல்லாம் எடிட்டர் கையிலதான், அவங்க வெச்சா நான் இருப்பேன், வெட்டுனா இல்ல" என்று பூவரசன் சொன்னான். டைரக்டருக்கும் மேலே ஒருத்தர் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சும்மா கேட்டால் விலாசம் தரமாட்டான் என்று, அரிசி அனுப்பவேண்டும் என்று சொல்லி வாங்கினேன். சொன்ன சொல் பொய்யாகக்கூடாதே என்று மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து ஒரு சிப்பம் பொன்னி வாங்கி லாரியில் போட்டுவிட்டேன். அது வெறும் அரிசிதான். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பூவரசன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். திருச்சியில் பாதிப் பேர் கல்யாணத்தை அவன் எடுத்துவிட்டான், அவன் கல்யாணத்தை எடுக்கத்தான் வழி பிறக்கவில்லை. வருகிற இடமெல்லாம் பையனுக்கு நிரந்தர வேலை உண்டா என்று கேட்டுவிட்டுக் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஜீயபுரத்தில் ரிட்டயரான ஏட்டு காத்தமுத்துவின் மகள் அறிவுமதி அமைந்தாள். லேப்பில் ரத்தம் சோதிக்கிற வேலை, தங்கமான பெண். ஏட்டய்யா பையனுடைய உத்தியோகத்தைக் கேட்டபோது, "சினிமாவுல போலீஸ் இன்ஸ்பெக்டர்" என்று நான் சொன்னேன். மனுஷர் முகம் மலர்ந்துபோயிற்று. "நான் ஏட்டாவே ரிட்டயர் ஆனேன், மாப்ள எடுத்த எடுப்புலயே இன்ஸ்பெக்டரா" என்று சொல்லி, வெற்றிலை பாக்கு மாற்றிய கையோடு பூவரசனைக் கொல்லைக்கு அழைத்துப்போய், தொப்பி எத்தனை சாய்வு, பெல்ட்டை எங்கே இறுக்குவது, சல்யூட்டுக்கு முழங்கை எப்படி நிற்கவேண்டும் என்று வாழைமரத்துக்கு முன்னால் நிற்கவைத்துப் பழக்கினார். அந்த இன்ஸ்பெக்டர் லஞ்சம் வாங்குகிறவன் என்பதை நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

எனக்கே அது பிறகுதான் தெரியும். ஷூட்டிங் எங்கள் தெரு முனையிலேயே நடந்தது. நல்ல சித்திரை வெயில் காலத்தில் லாரித் தண்ணீரைப் பீய்ச்சி மழை பெய்யவைத்தார்கள். தெருவே குடத்தோடு வந்து நின்றது. ஒரே ஒரு விளக்கு, அதுவும் என் பேரனுக்குப் பின்னால். பாதி முகம் இருட்டில், மீதி முகம் சிகரெட்டுப் புகையில். "ஏன்டா, கரண்டு பில்லு கட்டலியா இவங்க?" என்று கேட்டேன். "இது நுவார் படம் அப்பாயி, இப்படித்தான் இருக்கும்" என்றான். "அப்படின்னா?" "எல்லாரும் கெட்டவங்க, எப்பவும் மழை, யாரும் ஒழுங்கா வீட்டுக்குப் போகமாட்டாங்க." நீங்களே சொல்லுங்கள், இதற்குப் போய் ஒரு பேரா?

இருக்கட்டும். கஷ்டம் எங்கே ஆரம்பித்தது என்றால் போஸ்டரில். கதையில் அவன் செத்துப்போகிறானாம். அதற்காகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து எங்கள் தெருச்சுவரில் ஒட்டிப் படம் பிடித்தார்கள். யூனிபாரம், தொப்பி, தோளில் நட்சத்திரம், முகம் முழுசாக, சிரித்தபடி. இந்தப் படத்திலேயே என் பேரன் முகம் வெளிச்சத்தில் இருப்பது அந்த ஒரு போஸ்டரில்தான். கீழே கதையில் வருகிற பேரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், அதை யார் பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் மிச்சக் கட்டைக் குப்பையில் போடப்போனார்கள். இவ்வளவு லட்சணமான போட்டோ வீணாகலாமா? நான் வாங்கி, பால் ஊற்றுகிற தங்கையனிடம் கொடுத்து, போகிற வழியில் நாலு பேர் பார்க்கிற இடமாக ஒட்டச் சொன்னேன். அவன் விசுவாசமானவன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிவிட்டான்.

மறுநாள் காலையில் மண்ணச்சநல்லூரிலிருந்து என் நாத்தனார் தெருமுனையிலேயே தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, "என் ராசா, போலீஸ் ஆனதைக்கூட இந்த அத்தைப்பாட்டிக்குச் சொல்லாமப் போயிட்டியே" என்று ஒப்பாரி வைத்தபடி வருகிறாள். இந்த ராசா உள்ளே இட்லி தின்றுகொண்டிருக்கிறான். வாயில் இட்லியோடு எட்டிப் பார்த்தவனைக் கண்டதும் அவள் கொண்டுவந்த மாலையாலேயே அவன் முதுகில் ரெண்டு போட்டாள். அவளைச் சமாதானம் பண்ணி உட்காரவைப்பதற்குள் ஏட்டய்யா வந்துவிட்டார். சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினவர் சுவரைப் பார்த்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விறைப்பாக நின்று, கண் கலங்க ஒரு சல்யூட் வைத்தார். இவன் பழக்கதோஷத்தில் தட்டை வைத்துவிட்டு எழுந்து பதில் சல்யூட் வைத்துவிட்டான். முழங்கை சரியாகத்தான் இருந்தது. ஏட்டய்யாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் குடித்து நிதானத்துக்கு வந்த பிறகு, "சரி, படத்துல எப்படி மாப்ள சாகறீங்க? துப்பாக்கிச் சண்டையா?" என்று ஆசையாகத்தான் கேட்டார். இந்த மடையன், "இல்லங்க மாமா, மணல் கடத்துறவங்ககிட்ட வாங்கிட்டு அவங்களையே காட்டிக் குடுத்துடறேன். முக்கொம்புல வெச்சு முடிச்சிடறாங்க" என்றான்.

"வாங்கிட்டுன்னா?"

"கவரு மாமா."

ஏட்டய்யா டம்ளரைக் கீழே வைத்தார். "காலம் பூரா காக்கி போட்டவன் நான். ஜீயபுரத்துல பொறந்து, ஒருத்தன் தோட்டத்துல ஒரு வாழைப்பழம் சும்மா வாங்கித் தின்னவன் இல்ல. என் மருமவன் கை நீட்டுறதை ஊரே டிக்கெட் எடுத்துப் பாக்கும், நான் பந்தல்ல நின்னு பொண்ணைத் தாரவாக்கணுமா? படத்துல அந்த இடம் இருந்தா இந்தச் சம்பந்தம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பூவரசன் சரியாகச் சாப்பிடுவதில்லை. நிஜமாகவே செத்தவன் மாதிரி இருக்கிறான்.

அதனால் கண்ணு (நீங்கள் என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது, நீ என் பேத்தி வயசு, தப்பாக நினைக்காதே), அந்தக் கை நீட்டுகிற இடத்தை மட்டும் வெட்டிவிடு. வெட்ட முடியாவிட்டால் அந்தக் கவரைக் கோயில் பிரசாதம் என்று ஒரு வார்த்தை சொல்லவைத்துவிடு. இருட்டில் அவன் உதடு தெரியவில்லை, எது பேசினாலும் பொருந்தும். லஞ்சம் வாங்காதவனைக் கொல்வது அநியாயம், ஆகையால் முக்கொம்பில் அவன் சாகவும் வேண்டாம், காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வரட்டும். அந்தப் போஸ்டரைப் பதவி உயர்வுக்கு ஒட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். கதை கெட்டுப்போகாது. நான் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்துவிட்டேன், முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

நீ தொட்ட படமெல்லாம் ஓடட்டும். உன் அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு. வேளைக்குச் சாப்பிடு, இருட்டிலேயே உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன்னை நம்பியிருக்கும் அப்பாயி
மாரியாயி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஏட்டய்யா சம்சாரத்தோடும் மகளோடும் வந்துவிட்டார், சம்பந்தத்தை முறித்துக்கொண்டு தாம்பூலத் தட்டைத் திருப்பிக்கொடுக்க. அறிவுமதிதான், "வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்கப்பா" என்றாள். பூவரசன் போனில் அந்த இடம் மட்டும் இருந்தது. ஏட்டய்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கி, "என்ன மாப்ள இது, எவனாவது கையில வாங்குவானா? அதுவும் ஸ்டேஷன் வாசல்ல, யூனிபாரத்தோட. எதிர்த்தாப்புல டீக்கடையில குடுத்துட்டுப் போய்யான்னு சொல்லிட்டு நாம பாட்டுக்கு ஃபைலைப் பாத்துக்கிட்டு இருக்கணும். சாயங்காலம் பார்சல் டீயோட சேந்து தானா வந்துரும்" என்றார்.

அவர் சம்சாரம்தான் மெதுவாக, "வீட்டுல போடுற டீ பிடிக்கலன்னு தெனம் கடையிலேருந்து பார்சல் வாங்கிட்டு வருவீங்களே, அதுவா?" என்று கேட்டார். ஏட்டய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அறிவுமதி கோபமே படாமல், தட்டை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஏம்ப்பா, ஆவணியிலயே வெச்சுக்கலாமா, இல்ல ஐப்பசியிலயா?" என்றாள். "ஆவணியிலயே வெச்சிருங்க" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆகையால் கண்ணு, மேலே எழுதியது எதையும் செய்யாதே. கை நீட்டட்டும், முக்கொம்பில் செத்தும் போகட்டும். அந்தக் கை நீட்டுகிற இடத்தை மட்டும் முடிந்தால் இன்னும் கொஞ்சம் நீளமாக வைத்து, சீக்கிரமாகப் பூவரசன் போனுக்கு அனுப்பிவிடு. சம்பந்தியை இன்னொரு தடவை உட்காரவைத்துக் காட்டிவிட்டுத்தான் மண்டபம் யார் செலவு என்று பேச வேண்டும்.