பயில்வானுக்குப் பண்டுவம்

நோயாளிகளைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் எழுதப்போவது நோயாளியின் பக்கத்தில் நிற்பவரைப் பற்றி. வெறுமனே நின்றால் பரவாயில்லை. அவர் தலையணையைத் திருப்பிப் போடுவார், போர்வையை இழுத்து விடுவார், அப்போதுதான் கண்ணயர்ந்தவரை எழுப்பி “தூக்கம் வருதா?” என்று கேட்பார். இந்த இனத்துக்குப் பண்டுவக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். மருத்துவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பண்டுவக்காரர் போகவே மாட்டார்.

மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டுமா என்பார்கள். பண்டுவக்காரர் சொல்லித்தருவார். நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அவர் என் அக்காவின் கணவர். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பது அவர் தொழில். நாள் முழுக்க “இது தெளிவா தெரியுதா, இது தெரியுதா?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், கூடத்து அலமாரியில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நீலமும் சிவப்புமாக, விசிறி போன்ற வாலுடன், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஃபைட்டர் மீன். இன்னொரு மீனைக் கண்டால் கடித்துக் குதறிவிடும் என்பதால் தனிக்குடித்தனம். பெயர் பயில்வான்.

அந்தப் பயில்வான் ஒரு நாள் வயிறு உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொட்டியின் அடியில் படுத்துவிட்டான்.

அன்றிலிருந்து அந்த வீடு மருத்துவமனையாகிவிட்டது. தொலைக்காட்சியின் சத்தம் அடைக்கப்பட்டது, மிக்ஸி சமையலறையிலிருந்து பின்கட்டுக்கு நாடுகடத்தப்பட்டது, கடையிலிருந்து பூதக்கண்ணாடி வந்தது, செதில், வால், மூச்சு, கழிவு, “மனநிலை” என்று ஐந்து பத்திகள் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் வந்தது. மனநிலைப் பத்தியில் முதல் நாள் “சோர்வு” என்று எழுதியிருந்தது. இரண்டாம் நாள் “கோபம், என் மேல் அல்ல”. எப்படிக் கண்டுபிடித்தார்? கேட்கக் கூடாது.

இத்தனைக்கும் என் அக்கா மூன்று வாரமாக முட்டிவலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அதற்கு மாமா சொன்ன வைத்தியம், “நடந்தா சரியாயிடும்.”

நோயாளியை ஜாடிக்கு மாற்றி, ஆட்டோவில் வளர்ப்பு மீன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாமா மடியில் ஜாடி, என் கையில் குடை, வெயில் படாமல். கடைக்காரர் ஜாடியை ஒரு முறை பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

“தீனி அதிகம் சார். வயிறு அடைச்சிருக்கு. மூணு நாள் பட்டினி போடுங்க.”

“அப்புறம் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாதீங்க.”

“இல்ல, இந்த மூணு நாளும் கூடவே என்ன செய்யணும்?”

“அதான் சார், ஒண்ணும் செய்யாதீங்க. தீனி போட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா போயிடும்.”

ஒரு பண்டுவக்காரரிடம் இதைவிடக் கொடிய மருந்துச் சீட்டை நீட்ட முடியுமா? மாமாவின் முகம் தொங்கிவிட்டது. வீடு திரும்பியதும் தொட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டினார்: “தீனி போடாதீர்கள். மீறினால் நான் பொறுப்பல்ல.” பிறகு அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“நான் கதவைத் தெறந்தாலே ஓடி வந்து கண்ணாடியில முட்டுவான்டா,” என்றார் என்னிடம். குரல் உடைந்திருந்தது. “இந்த வீட்ல என்னைப் பாத்து ஓடி வர்ற ஒரே ஜீவன் இவன்தான்.”

“ஓடி வர்றதுக்கு எனக்கு முட்டி இருந்தாத்தானே!” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

சிரித்தேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். கேலி எழுதுகிறவனுக்கு இப்படிச் சில இடைஞ்சல்கள் உண்டு.

பட்டினியின் மூன்றாம் நாள் காலை பயில்வானின் வயிறு குறைந்திருக்க வேண்டும். மாறாக, பட்டாணி அளவுக்கு வீங்கியிருந்தது. செதில்கள் விறைத்துவிட்டன. மூச்சு விடுகிறானா என்று பார்க்கவே பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. அக்காவின் மகள் கல்லூரிக்குக் கிளம்பியவள் பையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அக்காதான் தீனி டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். போன வாரம் பிரித்த டப்பா, பாதி காலி.

“உண்மையைச் சொல்லுங்க, யாரு போட்டது?”

“ஒரே ஒரு உருண்டைம்மா,” என்றாள் மகள். “தெனம் காலைல, டாட்டா சொல்றப்போ. அவன் என்னையே பாத்தான்.”

அக்கா பெருமூச்சு விட்டாள். “நானும் தெனம் ரெண்டு போட்டேன். வெறும் வயித்தோட ஒரு உசிரு கெடக்கறப்போ நாம எப்படிச் சாப்பிடறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த தெருவில் இருப்பவன், அலுவலகம் போகும் வழியில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவன். நானும் ரெண்டு. அதற்கென்ன இப்போது?

மாமா எழுந்தார். நியாயஸ்தலத்தின் தோரணை. “இது வீடா, கொலைக்களமா? நான் ஒருத்தன் வாயைக் கட்டி, கையைக் கட்டி...”

“அந்தக் கையை இப்படிக் காட்டுங்க,” என்றாள் அக்கா. நொண்டிக்கொண்டே வந்து, கட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்து விரலை முகர்ந்தாள். “பூண்டு வாடை அடிக்குதே?”

மாமா கொஞ்சமும் அசரவில்லை. “அது தீனி இல்ல. மருந்து. பூண்டுச் சாறு அடைப்பை எடுக்கும்னு படிச்சேன்.”

“சாறை எதுல வச்சுக் குடுத்தீங்க?”

“...தீனியில ஊற வச்சுதான். காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. மருந்து எப்படி சாப்பாட்டுக் கணக்குல வரும்?”

சாதாரண நாளில் நாலு உருண்டை தின்கிற மீன், பட்டினி நாளில் ஒன்பது தின்றிருக்கிறது. பாவம், அதற்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. பாசத்தாலேயே அதைச் சாவின் வாசல்வரை நடத்திக்கொண்டு போயிருந்தோம், நாலு பேருமாக. அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அக்கா டப்பாவை என் கையில் திணித்தாள். “உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நாலு நாளைக்கு இந்தப் பக்கம் வராதே.” பிறகு மாமாவிடம் திரும்பினாள். “உங்களுக்குக் கை சும்மா இருக்காதுன்னா, இந்தாங்க, தைலம். இந்தாங்க, முட்டி.”

அது உண்மையிலேயே நடந்தது. நாலு நாளும் காலையும் மாலையும் அக்காவுக்குத் தைலம் தேய்க்கப்பட்டது. நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திறந்து “இடது முட்டி” என்று தலைப்பும் போட்டாராம். ஐந்தாம் நாள் நான் போனபோது பயில்வான் வயிறு ஒட்டி, வாலை விரித்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் தெரிந்த தன் நிழலோடு சண்டைக்கு நின்றான். மாமா கடையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் பாய்ந்து வந்து கண்ணாடியில் முட்டினான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“பாத்தியாடா?” என்றார். “பூண்டு கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும்.”

அக்கா அடுப்படியிலிருந்து நொண்டியபடியே வந்தாள். முட்டிவலி குறைந்ததா என்று கேட்டேன். “அந்தத் தேய்ப்பை நிறுத்தினா குறையும்,” என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது காய்ச்சலோடு படுத்திருக்கிறார்களா? “கொஞ்ச நேரம் என்னை விடேன்” என்று இன்று காலையில் உங்களிடம் சொன்னார்களா? ஒரே ஒரு வாய்தானே என்று நீங்கள் திரும்பவும் உள்ளே போனீர்களா?

அப்படியானால் இந்தப் பக்கத்தைப் புரட்டும் அந்த விரலை ஒரு முறை முகர்ந்து பாருங்கள்.