கோமாளி மீன்களுக்கு ஓர் இரங்கல் கூட்டம்

உலகப் பெருங்கடல்களின் தலைவிதி இரும்புலியூரில்தான் தீர்மானிக்கப்படும் என்பதில் தோத்தாத்ரிக்கு ஐயமே இருந்ததில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் அவர். 'சூடாகும் கடல்' என்று கீழ்த்தளக் கூடத்தில் கருத்தரங்கு கூட்டினார், தலைமையும் தாங்கினார், சிறப்புரைக்கும், மனமே இல்லாமல், அவரே இசைந்தார்.

கூடத்தின் மூலையில் ஓர் உப்புநீர்த் தொட்டி. உள்ளே கோமாளி மீன்கள். அவற்றைப் பார்த்துக்கொள்பவள் மூன்றாம் மாடி எப்சி, மீன்வளம் படித்தவள். மே மாத வெயிலில் தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் கொர்ரென்று இரைந்தது.

"நான் பேசறது எனக்கே கேக்கலை. அதை ஆஃப் பண்ணும்மா."

"சார், தண்ணி சூடாயிடும்."

"அதைப் பத்திதானே பேசப்போறேன்! உக்காரு."

பவளப் பாறைகள் வெளுக்கின்றன என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. கைதட்டல் அடங்கியதும் கூடத்தின் நிசப்தம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. இனி இயந்திரம் ஓடக்கூடாதென்று 'ஏகமனதாக', அதாவது அவர் மனதாக, தீர்மானம் நிறைவேறியது. எப்சி போய்ப் போய்ப் போட்டாள். அவர் வந்து வந்து அணைத்தார்.

சில நாளில் மீன்களின் உடம்பில் புண் கண்டது. கிருமித் தொற்று என்றாள் எப்சி. துடுப்புகள் அரித்துப்போயின. ஒவ்வொன்றாக மிதந்தன. தினமும் காலையில் கண்ணாடியருகே வந்து அவரை முறைக்கும் குட்டி மீனும் போயிற்று. அன்று தோத்தாத்ரிக்குக் காபி இறங்கவில்லை. கல்நெஞ்சரா அவர்? உடனே இரங்கல் கூட்டம் அறிவித்தார்.

கூடத்துச் சுவரில் பேனர் ஏறியது. மூலையில் சுண்டுவிரல் அளவு மீன். மீதி முழுக்கக் கைகூப்பிய தோத்தாத்ரி. கீழே, 'கண்ணீர் அஞ்சலி. வரும் தேர்தலிலும் உங்கள் செயலாளர்.'

வாட்ச்மேன் அப்பாதுரை பதறிப்போனார். "இன்னா சார், பாத்தா பேஜாரா கீது! பூட்டது மீனா, நீங்களா?"

கூட்டத்தில், பேனரின் கீழே நின்று, தோத்தாத்ரி எப்சியை எழுந்திருக்கச் சொன்னார். "சொல்லும்மா, எங்கேர்ந்து வந்தது இந்தக் கிருமி? வெளிநாட்டுச் சதியா?"

"எங்கேர்ந்தும் வரலை சார். எப்பவும் தண்ணியிலேயேதான் இருந்தது. மீன் தெம்பா இருக்கறவரைக்கும் சும்மா இருக்கும். சூட்டுல மீன் துவண்டா உள்ளே புகுந்துடும். கடல்லயும் இப்ப இதே கதைதான். சந்தர்ப்பவாதக் கிருமின்னு பேரு."

தோத்தாத்ரி கொதித்துப்போனார். "சீச்சீ! ஒரு உயிர் துவண்டு கிடக்கறச்சே அதுல ஆதாயம் தேடறதா? கொஞ்சமாவது வெக்கம் இருக்கா அதுக்கு?"

எப்சி அவர் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"இல்லை சார். ஆனா கிருமி பேனர் வைக்காது."